நடந்து பாடிய நாவரசர்

முனை நாடு

தொண்டை நாட்டுக்கும் சோழ நாட்டுக்கும் இடையே கிடக்கும் நிலம் நடுநாடு எனப் பெயர் பெற்றது. இன்றைய விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடங்கும். தேவாரப் பாடல் பெற்ற தலங்களாகத் தொண்டை நாட்டில் 32ஐயும் நடுநாட்டில் 22ஐயும் சைவர் எண்ணுவர். வடக்கே செஞ்சியைச் சுற்றிக் கருங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் குன்றுகள். திண்டிவனத்தைச் சூழ ஏரிகளும் மானாவாரிக் காடுகளும். விழுப்புரத்துக்குத் தெற்கே பெண்ணையாறும் கெடிலமும் வளைந்து ஓடும் சமவெளி. எங்கு நோக்கினும் பனை. மழைக்காலத்தில் மட்டும் இரு கரையும் தொட்டு ஓடி, ஏனைய நாளில் வெண்மணலாய் விரிந்து கிடக்கும் ஆறுகள் இந்நாட்டின் அடையாளம். நடந்து செல்பவனுக்கு அம்மணலே வழி; மணலைத் தோண்டினால் ஊறும் நீரே குடிநீர்.

இந்நடுநாட்டில் பெண்ணையும் கெடிலமும் பாயும் பகுதிக்குத் திருமுனைப்பாடி நாடு என்று பெயர். முனை என்னும் சொல் பகைப்புலத்தையும் போர்முகத்தையும் குறிக்கும். பாடி என்பது படை தங்கும் இடத்தைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்த இப்பெயரில் எல்லை நிலத்தின் வாழ்வு அடங்கியிருக்கிறது. வடக்கிலிருந்து வரும் படையும் தெற்கிலிருந்து வரும் படையும் இதன் வழியேதான் செல்ல வேண்டும். வணிகச் சாத்தும் துறவியர் கூட்டமும் பாணரும் புலவரும் இதன் வழியேதான் சென்றனர். படை வந்தால் அழிவும், சாத்து வந்தால் பொருளும், துறவியர் வந்தால் புதிய நெறியும் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தன.

இத்தகைய நாட்டில், பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். அவர் வாழ்ந்த காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு என்பது அறிஞர் பலரும் கொண்ட முடிவு. தமிழ்நாட்டின் வழிகளில் அவரளவு நடந்த கவிஞர் அரியர். நடந்த வழியெல்லாம் பாடியவர் அவர். பாடியதற்கு முன்போ பின்போ அவ்விடத்துப் புல்லைச் செதுக்கியவரும் அவரே.

தமக்கையும் தம்பியும்

அவருடைய வரலாற்றை விரிவாகச் சொல்பவர் சேக்கிழார். அவர் 12ஆம் நூற்றாண்டினர். நாவுக்கரசருக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு பிற்பட்டவர். ஆகவே பெரியபுராணம் கூறுவனவற்றுள் பக்தி மரபு வளர்த்தவையும் உண்டு. ஆயினும் அவ்வரலாற்றின் நடுநரம்பாகிய செய்திகளுக்கு, அதாவது சமணம் புகுந்ததற்கும் நோயுற்றதற்கும் மீண்டதற்கும் வருந்தியதற்கும், நாவுக்கரசரின் சொந்தப் பாடல்களே சான்றாக நிற்கின்றன.

வேளாண் குடியில், குறுக்கையர் மரபில், புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர் இருவர். மூத்தவர் திலகவதியார், இளையவர் மருணீக்கியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதான காலத்தில், கலிப்பகையார் என்னும் படைத்தலைவர்க்கு அவரை மணம் பேசினர். திருமணம் நிகழுமுன் வடக்கிலிருந்து வந்த பகையை எதிர்த்துக் கலிப்பகையார் முனைமேற் சென்றார். அவர் போர்க்களத்தில் இருக்கும்போதே புகழனார் நோயால் இறந்தார். மாதினியார் கணவருடன் உயிர் நீத்தார். அத்துயர் ஆறுமுன் களத்தில் கலிப்பகையார் மாண்ட செய்தியும் வந்தது.

முனை நாட்டில் பிறந்த பெண்ணுக்கு முனை தந்த பரிசு அது. தம்மை மணக்க இசைந்தவர் போன வழியே தாமும் போவதெனத் திலகவதியார் துணிந்தார். தம்பி அவர் காலில் விழுந்தார். தாயும் தந்தையும் போன பின்னும் தாம் உயிர் தாங்குவது தமக்கையை வணங்கலாம் என்பதனால் மட்டுமே என்றும், அவரும் போவதாயின் தாம் அவருக்கு முன்னே போவதாகவும் அழுதார். அந்த ஓர் உயிரின் பொருட்டுத் தமக்கை தம் உயிரை வைத்துக்கொண்டார். பொன்னும் மணியும் பூணாமல், அனைத்துயிர்க்கும் அருள் தாங்கி, இல்லத்திலேயே தவம் இருந்தார். திருநாவுக்கரசர் என்னும் பெருவாழ்வு தமக்கையின் இந்தத் தியாகத்தின்மேல் எழுந்தது. தமிழ் இலக்கிய வரலாற்றில் திலகவதியாரின் பாட்டு என ஒன்றும் இல்லை; ஆனால் மூன்று திருமுறைகள் அவர் காத்த உயிரிலிருந்து வந்தவை.

பாடலியில் தருமசேனர்

மருணீக்கியார் வளர்ந்தார். செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகள் அமைத்தார். தண்ணீர்ப் பந்தல் வைத்தார். சோலையும் குளமும் உண்டாக்கினார். வாழ்வின் நிலையாமை அவரை உறுத்தியது. எந்நெறி மெய்ந்நெறி என்று தேடிப் புறப்பட்டவர் பாடலிபுத்திரம் சென்று சமணப் பள்ளியில் சேர்ந்தார். இன்றைய கடலூரின் பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூரே அப்பாடலிபுத்திரம் என்பர். லோகவிபாகம் என்னும் சமண நூல் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் இயற்றப்பட்டது. அவ்வூரும் இதுவே என்பது ஆய்வாளர் கருத்து. வானும் மண்ணும் அளந்து எழுதும் கல்வி நிலவிய இடம் அது. அறிவுத் தாகம் கொண்ட இளைஞர் ஒருவர் அங்கே சென்றதில் வியப்பில்லை.

நடுநாடு அக்காலத்தில் சமணத்தின் வலிமையான நிலம். செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரரின் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே, சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியைச் சொல்லும் பழைய தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. நாவுக்கரசர் காலத்துக்குச் சற்று முற்பட்டதாக அது கருதப்படுகிறது. திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் உள்ளது. அச்சுற்று வட்டாரத்து ஊர்களில் நயினார் குடும்பங்கள் இன்றும் உழுது பயிரிட்டு வாழ்கின்றன. ஆகவே சமணத்தை வேற்று நாட்டிலிருந்து வந்து போன நெறியாகக் கொண்டு இவ்வரலாற்றைப் படிப்பது பிழையாகும். மருணீக்கியார் வீடு விட்டு வேறுலகம் புகவில்லை. தம் நாட்டின் இன்னொரு கரைக்குச் சென்றார். அங்கே நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயருடன் தலைமைச் சிறப்பும் பெற்றார்.

தமக்கை அங்கே செல்லவில்லை. திருவாமூரை விட்டுக் கெடிலக் கரையில் உள்ள திருவதிகை வீரட்டானத்துக்குச் சென்று, விடியலில் எழுந்து திருக்கோயில் அலகிட்டு மெழுகி, மலர் கொய்து தொண்டு செய்தார். தம்பியை மீட்டுத் தருமாறு வேண்டினார். ஆற்றின் மேற்புறம் தமக்கை. கீழே கடலோரம் தம்பி. இடையில் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவே தொலைவு. ஆனால் ஒரு நாள் நடையில் கடக்கக்கூடிய அத்தொலைவைக் கடக்கப் பல்லாண்டு ஆயிற்று.

இருளில் ஒரு நடை

தருமசேனரைச் சூலை நோய் பற்றியது. குடலைப் பிடித்து முறுக்கும் வலி. பள்ளியில் இருந்தோர் மந்திரம் ஓதினர்; குண்டிகை நீரை ஓதிக் கொடுத்தனர்; மயிற்பீலியால் தடவினர். நோய் தணியவில்லை. சமையற்காரன் ஒருவனைத் தமக்கையிடம் ஆளனுப்பினார். அவர் வர மறுத்தார். தாம் சமணப் பள்ளிக்கு வருவதில்லை என்னும் விடை மட்டுமே வந்தது.

உயிராகக் காத்த தம்பி வலியில் துடிக்கிறான் எனக் கேட்டும் புறப்படாத அந்த உறுதியை எளிதாகக் கடந்துவிட முடியாது. அவர் சென்றிருந்தால் தம்பி படுத்த இடத்திலேயே இருந்திருப்பார். செல்லாததால் அவர் எழுந்து நடக்க வேண்டியதாயிற்று.

உடுத்த பாயை நீக்கினார்; உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார்; பீலியையும் விட்டார். வெள்ளாடை ஒன்றை உடுத்தார். நம்பிக்கைக்குரியவர்மேல் கையூன்றி, பிறர் அறியாதபடி இரவில் திருவதிகை நோக்கி நடந்தார். பிற்காலத்தில் கயிலை வரை நடந்ததாகப் போற்றப்படும் கால்களின் முதற்பயணம் இவ்வாறு தொடங்கிற்று: பகலில் அல்ல, இருளில், தனித்து அல்ல, பிறர் தோளில் சாய்ந்து, பாடிக்கொண்டு அல்ல, வாயடைத்து. நோயைக் காட்டிலும் நாணம் அவருக்குப் பாரமாக இருந்திருக்கும். விட்டுப் போன இடத்துக்கே திரும்பி வரும் நடையினும் நெடிய நடை வேறில்லை.

தமக்கையின் காலில் விழுந்தார். அவர் ஏன் சென்றாய் என்று கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், விடியுமுன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே முதற்பதிகம் பிறந்தது, சூலை நீங்கிற்று, நாவுக்கரசு என்னும் பெயர் வந்தது. தம் குற்றம் இன்னதென்று தாம் அறியாமலே பொறுக்க இயலாத் தண்டனை பெற்றவரின் முறையீடாக அமைந்தது அப்பதிகம். நோயுற்ற உடம்பின் கதறலைத் தமிழ்க் கவிதை அவ்வளவு நேராக முன்னர்க் கேட்டதில்லை எனலாம்.

பல்லவனும் பாறையும்

தலைவர் ஒருவர் பள்ளியை விட்டுச் சென்றது பல்லவ அரசனிடம் முறையீடாகச் சென்றது. நீற்றறையில் ஏழு நாள் அடைத்ததும், நஞ்சு ஊட்டியதும், யானையை ஏவியதும், கல்லில் பிணித்துக் கடலில் எறிந்ததும் சேக்கிழார் விரித்துரைப்பவை. கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் அவரைச் சேர்த்தது என்பது மரபு. இருளில் ஒளிந்து வெளியேறிய அதே ஊருக்குப் பகல் வெளிச்சத்தில், ஊரார் எதிர்கொள்ள, அவர் வந்து சேர்ந்தார் என்பதே இந்நிகழ்ச்சியின் உட்பொருள்.

பின்னர் அரசனும் சைவம் சார்ந்தான் என்றும், திருவதிகையில் குணபரவீச்சரம் எடுப்பித்தான் என்றும் பெரியபுராணம் கூறும். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப் பெயர் என்பதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. திருச்சிராப்பள்ளிக் குன்றில் உள்ள அவன் கல்வெட்டு, வேற்று நெறியிலிருந்து அவன் திரும்பியதைக் குறிப்பாகச் சொல்வதாக அறிஞர் கொள்வர். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றிப் பிரமன், ஈசன், திருமால் மூவர்க்கும் எடுத்த கோயில் என்று அவன் பொறித்த வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. அதற்கு அணித்தே தளவானூரில் சத்துருமல்லேச்சுரம் என்னும் குடைவரை நிற்கிறது.

நடுநாட்டுப் பாறை இரண்டு நெறியாருக்கும் இடம் தந்தது. திருநாதர் குன்றில் நோன்பு நோற்று மாய்ந்தவரின் பெயர். மண்டகப்பட்டில் மூவர்க்குக் குடைந்த அரசனின் பெயர். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நல்ல நடையாளர் ஒரே நாளில் கடக்கலாம். அரசன் தன் மாற்றத்தைக் கல்லில் எழுதினான். நாவுக்கரசர் தம் மாற்றத்தை ஊர் ஊராக வாயால் சொல்லிச் சென்றார்.

சமணரைக் கடிந்து அவர் பாடியவை பல. இன்று அவற்றைப் படிப்பவர் சற்றுத் தயங்குவது இயல்பே. தமிழுக்குச் சமணர் தந்தவை மிகப் பல என்பதால் அத்தயக்கம் நேரியதும் ஆகும். ஆனால் அப்பாடல்களில் அவர் மிகுதியும் கடிந்துகொள்வது தம்மையே. தலைமயிர் பறித்ததையும் நின்று உண்டதையும் சொல்லும்போது, நான் செய்தேன் என்னும் தன்மைச் சொல்லே முன் நிற்கிறது. பிறருடைய பிழையைப் பேசும் கவிஞர் பலர். தாம் கடந்து வந்த எல்லையைத் தலத்துக்குத் தலம் அறிவித்தவர் அவர். மறைத்துவிடும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. வேற்றூர்களில் அவருடைய பழங்கதையை அறிந்தோர் எத்தனை பேர் இருந்திருப்பர்? அவரே பாடியதனால்தான் அது அறியப்பட்டது.

உழவாரமும் வழியும்

திருவதிகையிலிருந்து புறப்பட்ட நாவுக்கரசர் முதலில் தம் நாட்டையே சுற்றினார். திருவெண்ணெய்நல்லூர், திருவாமாத்தூர், திருக்கோவலூர் என்று சேக்கிழார் வழி சொல்கிறார். விழுப்புரத்தை ஒட்டிப் பம்பையாற்றங்கரையில் உள்ள திருவாமாத்தூருக்கு அவர் பாடிய பதிகங்கள் இன்றும் அக்கோயிலில் ஓதப்படுகின்றன. கிழக்கே கெடிலம், மேற்கே பெண்ணை, வடக்கே பம்பை என மூன்று ஆற்று மணலையும் மிதித்த பயணம் அது.

திருக்கோவலூர் நடந்து வந்த புலவர்களின் ஊர். பறம்பு வீழ்ந்தபின் பாரி மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்த கபிலர், தம் கடமை முடித்து இங்கே தீயில் புகுந்தார் என்பதை அவ்வூர் வீரட்டானத்தின் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. பெண்ணையாற்றில் நிற்கும் பாறையை இன்றும் கபிலர் குன்று என்பர். முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஓர் இடைகழியில் நெருங்கி நின்றதாக வைணவ மரபு போற்றுவதும் இவ்வூரையே. அவ்வழியில் நாவுக்கரசரும் வந்தார்.

அங்கிருந்து பெண்ணாகடம் சென்றபோது அவர் மனத்தில் பழைய வடு நொந்தது. சமணப் பள்ளியில் இருந்த இந்த உடம்போடு உயிர் வாழ விரும்பவில்லை என்றும், இறைவனின் சூலமும் இடபமும் தம் தோளில் பொறிக்கப்பட வேண்டும் என்றும் வேண்டினார். பொறி பெற்றார் என்பது வரலாறு. ஆட்டுக்கும் மாட்டுக்கும் உடையவர் குறி இடுவதை ஒத்த வேண்டுகோள் அது. எல்லை கடந்து வந்தவருக்குத் தாம் எக்கரையைச் சேர்ந்தவர் என்னும் ஐயம் எளிதில் நீங்குவதில்லை.

அவர் கையில் இருந்தது உழவாரம். புல் செதுக்கும் எளிய கருவி. கோயில் திருச்சுற்றில் முளைத்த புல்லும் முள்ளும் நடப்பவர் காலை உறுத்தும். தாமே நடந்து வருபவர் என்பதால் அக்கால்களின் துன்பம் அவருக்குத் தெரியும். தமக்கை திருவதிகையில் அலகும் மெழுக்கும் கொண்டு செய்த பணியைத் தம்பி தமிழ்நாட்டு வீதிகள் முழுவதிலும் செய்தார் என்று கொள்ளுதல் பொருந்தும். முதல் ஆசிரியர் யார் என்பதை அக்கருவியே காட்டுகிறது.

தில்லையை வணங்கிச் சீகாழி சென்றார். அங்கே இளஞ்சிறுவராகிய ஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்தார். தந்தையை இழந்து, மணம் புரியாமல் முதுமை நோக்கிச் சென்றவருக்குப் பிள்ளை ஒருவர் கிடைத்தார். இருவரும் சேர்ந்தும் பிரிந்தும் பல தலங்கள் சென்றனர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது அடியார்க்கு உணவளித்ததும், திருமறைக்காட்டில் அடைத்த கதவு திறக்க அப்பர் பாடியதும் பலரும் அறிந்தவை.

திங்களூர் நிகழ்ச்சியை நடையாளர் அனைவரும் நினைவிற் கொள்ளுதல் தகும். வெயிலில் நடந்து வந்தவர் ஒரு தண்ணீர்ப் பந்தலைக் கண்டார். அதில் தம் பெயரே எழுதியிருந்தது. சாலை, குளம் எங்கும் அப்பெயரே. அப்பூதி என்னும் அந்தணர் அவரைக் கண்டதும் இல்லை. கேள்வியால் அன்பு கொண்டு, தம் பிள்ளைகளுக்கும் அப்பெயரே இட்டிருந்தார். அவர் தம் பெயரை எழுதாமல் வேறு ஒரு பெயரை எழுதியது ஏன் என்று அப்பர் கேட்டபோது அவர் சினந்தார். வந்தவர் தாம் யார் என்பதைச் சொல்லும்போது அரசு என்ற பெருமையைச் சொல்லவில்லை. வேற்றுத் துறையிலிருந்து சூலை நோயால் மீட்கப்பட்ட சிறுமையேன் என்றே அறிமுகம் செய்துகொண்டார். புகழின் நிழலில் நின்றபோதும் பழைய எல்லையை அவர் மறைக்கவில்லை. அவர் இளமையில் திருவாமூரில் வைத்த தண்ணீர்ப் பந்தலும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒரு காலத்தில் பிறர்க்கு வைத்த நீர், முதுமையில் அவர் பெயராலேயே அவர் எதிரே வந்து நின்றது.

வடக்கே

பின்னர் அவர் மீண்டும் வட எல்லை நோக்கி நடந்தார். திருவண்ணாமலை, திருவோத்தூர் வழியாகக் காஞ்சி சென்றார். இவ்வழி திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் மேற்கே, நடுநாடும் தொண்டை நாடும் கலக்கும் பகுதியைக் கடந்து செல்வது. கழுக்குன்றம், மயிலை, ஒற்றியூர், ஆலங்காடு வணங்கிக் காளத்தி சேர்ந்தார். காளத்தி தமிழ் வழங்கும் நிலத்தின் வட விளிம்பு. அங்கே நின்றவர்க்குக் கயிலை காணும் ஆசை பிறந்தது.

திருப்பருப்பதம், காசி என அவர் வடக்கே சென்றதைச் சேக்கிழார் பாடும் பகுதி, தமிழில் நடையைப் பற்றி எழுதப்பட்ட மிகக் கடுமையான பகுதிகளுள் ஒன்று. இரவும் பகலும் நடந்து கால்கள் தேய்ந்தன. கையால் தாவிச் சென்றார். கையும் தேய மார்பால் உந்தினார். மார்பும் நைய உருண்டார். உறுப்பு ஒவ்வொன்றாகச் செலவழிந்தது. முனிவர் ஒருவர் தோன்றி, மானிட உடம்பால் அங்கே செல்லுதல் அரிது, திரும்புக என்றார். மாளும் இவ்வுடம்பு கொண்டு மீளேன் என்பது அப்பரின் நிலை. பின் இறைவன் ஆணைப்படி ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே களிறும் பிடியுமாய், சேவலும் பேடுமாய், துணையோடு வந்த உயிர்கள் அனைத்திலும் தாம் தேடியதைக் கண்டார்.

வரலாறாகக் கொள்வார்க்கும் உருவகமாகக் கொள்வார்க்கும் இதன் முடிவு ஒன்றே. தொலைவில் தேடியது தம் ஊர் வழியில், காவிரிக் கரையில், கண்முன் நடந்து கொண்டிருந்தது. ஆயினும் அத்தொலைவை நடந்திராவிட்டால் அதைக் கண்டிருக்க இயலாது. திருவாமூரிலிருந்து திருவதிகைக்குச் செல்லப் பாடலிபுத்திரம் வழியாகச் சுற்ற நேர்ந்தவருக்கு, காளத்தியிலிருந்து திருவையாற்றுக்குக் கயிலை வழியாகச் சுற்ற நேர்ந்ததும் பொருத்தமே.

பல்லக்கின் கீழ்

திருப்பூந்துருத்தியில் அவர் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். பாண்டி நாட்டிலிருந்து ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வந்தார். எதிர்கொண்ட கூட்டத்தில் அப்பர் ஒருவரும் அறியாமல் புகுந்து, சிவிகை தாங்குவாருள் ஒருவராகத் தோள் கொடுத்தார். ஊர் அணுகியதும் அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டார். உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கே வருகிறேன் என்னும் விடை கீழிருந்து வந்தது. பிள்ளை பதறிக் கீழே குதித்து வணங்க, முதியவர் அவருக்கு முன் வணங்கினார்.

பெண்ணாகடத்தில் இடபப் பொறி வேண்டிப் பெற்ற தோள் அது. எருதின் வேலையை அது அங்கே செய்தது. நடந்தே உலகைக் கண்ட கவிஞர், தம்மினும் இளைய கவிஞர் ஒருவரைச் சுமந்து நடந்தார். கவிஞர் கூடும் இடங்களில் இந்நிகழ்ச்சி அடிக்கடி நினைக்கப்படல் வேண்டும்.

பாட்டில் பதிந்த நடை

அப்பரின் பாடல்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன. 300க்கும் மேற்பட்ட பதிகங்கள் கிடைத்துள்ளன. குறுந்தொகையின் சிறு அடிகள் ஏறுமுகத்தில் மூச்சளந்து வைக்கும் அடியை ஒக்கும். தாண்டகத்தின் நீண்ட அடிகள் சமவெளியில் கைவீசி நடப்பதை ஒக்கும். தாண்டகத்தில் அவர் பெற்ற வெற்றியால் தாண்டக வேந்தர் என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது.

திருவங்கமாலையில் தலை முதலாக உறுப்புகள் ஒவ்வொன்றையும் அழைத்துப் பணி கொடுக்கிறார். கால்களுக்கும் அங்கே பணி உண்டு. அடைவு திருத்தாண்டகத்தில் பள்ளி, வீரட்டம், குடி, ஊர், காடு, வாயில், மலை, ஆறு, துறை என்று ஊர்ப்பெயர்களை இறுதிச் சொல்லால் வகைப்படுத்திப் பாடுகிறார். ஏடு விரித்து எழுதிய பட்டியலாக அது ஒலிப்பதில்லை. நடந்தவன் இரவில் படுத்துக்கொண்டு, கடந்த ஊர்களை விரல் மடக்கி எண்ணுவதுபோல் ஒலிக்கிறது. ஊர்ப்பெயர் ஆராய்வார்க்கு அது முதற்கருவூலம்.

பதிகங்கள் பலவற்றின் இறுதியில் இராவணனை அவர் மறவாமல் கொணர்வதும் கருதத்தக்கது. மலையைப் பெயர்த்து எடுக்க முயன்று, இறைவனின் கால்விரலால் நெரிந்து, பின் பாடிப் பிழைத்தவன் அவன். செருக்கால் கெட்டு, வலியால் உணர்ந்து, பாட்டால் மீண்டவன் கதையில் அப்பர் தம் கதையைக் கண்டிருத்தல் கூடும். அவனை ஒறுத்ததும் காத்ததும் ஒரு திருவடி. நடந்து தேய்ந்த கால்களை உடையவர் ஓயாமல் பாடியதும் திருவடியே.

புகலூரும் அதிகையும்

இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் உழவாரப் பணி செய்திருந்தார். அவர் செதுக்கிய நிலத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. பருக்கைக் கல்லோடு சேர்த்து அவற்றையும் வாரி அருகில் இருந்த குளத்தில் எறிந்தார் என்பர். நடப்பவர் காலில் குத்துவதில் பொன்னும் கல்லும் ஒன்றே. சித்திரைச் சதயத்தில், 81ஆம் வயதில், அங்கே அவர் இறைவனடி சேர்ந்தார் என்பது சைவ மரபு.

அவருக்குப் பின் திருமுனைப்பாடி நாட்டின் திருநாவலூரில் சுந்தரர் பிறந்தார். அவர் திருவதிகையை அணுகியபோது மாலையாயிற்று. அப்பர் கையால் பணி செய்த மண்ணைத் தம் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் புகாமல், புறத்தே இருந்த சித்தவட மடத்தில் இரவு தங்கினார். ஒரு கவிஞரின் நடைக்கு மற்றொரு கவிஞர் செய்த வணக்கம், நடக்காமல் நின்றதாக அமைந்தது.

இன்று விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ஊர்திகள் ஒரு மணிக்குள் சென்றுவிடுகின்றன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் அருகே, பனையைத் தலமரமாகக் கொண்ட புறவார் பனங்காட்டூர் சாலைக்குச் சற்றே தள்ளி இருக்கிறது. விரைந்து செல்பவர் கண்ணில் அது படுவதில்லை. விடுமுறை நாள்களில் உழவாரப் பணி மன்றத்தினர் மண்வெட்டியும் துடைப்பமும் கொண்டு பழங்கோயில்களில் புல் செதுக்குவதை மட்டும் இன்றும் காணலாம். அவர்கள் செதுக்கும் இடத்தில் ஒரு பாதை தெரிகிறது. பண்டு ஓரிரவில், வெள்ளாடை உடுத்த நோயாளி ஒருவர், விளக்கில்லாமல், தமக்கை இருக்கும் ஊர் நோக்கித் தட்டுத் தடுமாறி நடந்து தொடங்கி வைத்த பாதை அது.